பில்லை நம்பி அணைத்த ஹீட்டர்: கிழக்கு லண்டன் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருப்பவர். கதவைத் திறந்தவர் வீட்டுக்குள்ளேயே குளிர்கோட் போட்டிருந்தார். முன்னறையில் அவருடைய கணவர். பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். கம்பளித் தொப்பி, அதற்கு மேல் இரண்டு போர்வை. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"பாய்லர் ரிப்பேரா அக்கா?"

"இல்லைத் தம்பி, நான்தான் நிப்பாட்டி வச்சிருக்கிறன். அந்த பில்லைப் பாத்தா நீங்களும் நிப்பாட்டுவியள்."

அந்த பில்லில் என்ன நடந்திருந்தது, அதைச் சரிசெய்ய என்ன செய்தோம் என்பதை அக்காவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தத் தவறு எந்த நிறுவனத்திலும் நடக்கலாம்.

பணம் முதலில், கணக்கு பிறகு

தமிழ்நாட்டில் மின்வாரிய ஊழியர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். எவ்வளவு ஓடியதோ அவ்வளவுக்குத்தான் கட்டுவோம். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு வேறு. மின்சாரம், கேஸ் இரண்டுக்கும் வருடம் முழுவதும் எவ்வளவு செலவாகும் என்று நிறுவனம் ஒரு கணிப்புப் போடும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் ஒரே தொகையை வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதுதான் டைரக்ட் டெபிட். கோடையில் கணக்கில் பணம் சேரும், குளிர்காலத்தில் கரையும். கணிப்பு சரியாக இருக்கும்வரை நல்ல ஏற்பாடுதான், ஜனவரியில் திடீரென்று பெரிய பில் வந்து அடிக்காது. கணிப்பு தப்பானால், உங்கள் பணத்தை எடுக்கும் உரிமை தப்பான எண்ணின் கைக்குப் போய்விடுகிறது.

2022-இல் இது நாடு முழுக்கப் பெரிய பிரச்சினை ஆனது. சராசரி வீட்டின் மின்சார, கேஸ் செலவுக்கு ஒழுங்குமுறை அமைப்பு போடும் ஆண்டு விலை உச்சவரம்பு அந்த ஏப்ரலில் 1,277 பவுண்டிலிருந்து 1,971 பவுண்டுக்கு ஏறியது. அக்டோபரில் அது 3,549 ஆக வேண்டியது. அரசு தலையிட்டு 2,500 அளவில் நிறுத்தியது. அதற்கு முன்பே, 2021 இலையுதிர்காலத்திலிருந்து சிறிய நிறுவனங்கள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை வைத்திருந்த பல்ப் நிறுவனமே அந்த நவம்பரில் சிறப்பு நிர்வாகத்தின் கீழ் போனது. அந்தக் குழப்பத்தில் பல நிறுவனங்கள் மாதத் தொகையை இஷ்டத்துக்கு ஏற்றின. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2022 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் டைரக்ட் டெபிட் இரட்டிப்புக்கு மேல் உயர்ந்திருந்தது.

அக்கா அந்த வருடத்தைத் தாக்குப்பிடித்தவர். அதனால்தான் 2024 ஜனவரியில் வந்த கடிதத்தை அவர் சந்தேகப்படவே இல்லை. "திரும்பவும் ஏத்திட்டாங்கள்" என்று எடுத்துக்கொண்டார்.

கடிதமும் பில்லும்

கடிதம் ஒரு பக்கம்தான். இதுவரை மாதம் 128 பவுண்ட் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி 14 முதல் 263 பவுண்ட் எடுக்கப்படும் என்றது. காரணமாக ஒரே வரி: உங்கள் பயன்பாடு எதிர்பார்த்ததைவிட அதிகம்.

263-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 3,156 பவுண்ட். அந்தக் காலாண்டில் சராசரி வீட்டுக்கான உச்சவரம்பே 1,928 பவுண்ட்தான். இரண்டு படுக்கையறை, இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்குச் சராசரியைவிட 1,200 பவுண்ட் கூடுதலாக எப்படி வரும்? கடிதத்தை அனுப்பிய கணினிக்கோ அனுப்ப அனுமதித்த மனிதருக்கோ அது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

அக்கா எல்லாக் காகிதங்களையும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். மேசையில் கொட்டி வருடவாரியாக அடுக்கினோம். மின்சார பில்லில் எந்த வித்தியாசமும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஓடுவது கேஸில், அந்தக் கேஸ் பில்தான் எகிறியிருந்தது. முந்தைய குளிர்காலத்தின் அதே மூன்று மாதத்துக்கு இருந்த யூனிட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

"இடையில் வீட்டில் ஏதாவது மாறியதா அக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மீட்டரை மாத்தினவங்கள். பழசாப் போச்செண்டு அக்டோபர்ல வந்து மாத்திட்டுப் போனவங்கள்."

பாதிக் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

பிரிட்டனில் கேஸ் மீட்டர் இரண்டு வகை. பழையவை கன அடியில் அளக்கும், ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. முகப்பில் பெரும்பாலும் நான்கு கறுப்பு இலக்கங்கள் இருக்கும். புதியவை கன மீட்டரில் அளக்கும், ஐந்து கறுப்பு இலக்கங்கள். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். ஆகவே பழைய மீட்டராக இருந்தால் ரீடிங்கை முதலில் 2.83-ஆல் பெருக்கிய பிறகுதான் மற்றக் கணக்கு. புதிய மீட்டருக்கு அந்தப் பெருக்கல் கிடையாது.

பில்லின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். யாரும் படிக்காத பக்கம். அடியில் பொடி எழுத்தில், யூனிட்டைக் கிலோவாட் மணியாக மாற்றும் கணக்கு அப்படியே இருந்தது:

310 × 2.83 × 1.02264 × 39.2 ÷ 3.6 = 9,769

1.02264 என்பது வெப்பநிலை, அழுத்தத்துக்கான திருத்தம். 39.2 அந்த பில் காலத்துக் கேஸின் வெப்ப மதிப்பு. 3.6-ஆல் வகுப்பது கிலோவாட் மணியாக மாற்றுவதற்கு. இந்த மூன்றும் எல்லோருடைய பில்லிலும் இருப்பவை. 2.83 அங்கே இருக்கவே கூடாது.

மீட்டர் பெட்டி வாசலுக்கு வெளியே, தரைமட்டத்தில் இருந்தது. முக்கோணச் சாவியைப் போட்டுத் திறந்து, மண்டியிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். பளபளவென்று புது மீட்டர். ஐந்து கறுப்பு இலக்கம், புள்ளிக்குப் பின் மூன்று சிவப்பு இலக்கம். வலது பக்கத்தில் எம் என்ற எழுத்தும் அதன் தலையில் பொடி மூன்றும்: கன மீட்டர். சுவரில் மாட்டியிருந்தது புது மீட்டர், நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்ததோ பழைய மீட்டரின் அளவு. வரிசை எண்ணை மாற்றியவர்கள் அளவை மாற்ற மறந்துவிட்டார்கள்.

2.83 இல்லாமல் அதே கணக்கைப் போட்டால் 3,452 கிலோவாட் மணி. அப்போதைய விலை கிலோவாட் மணிக்குச் சுமார் 7 பென்ஸ். வர வேண்டிய கேஸ் செலவு 240 பவுண்ட் அளவில், வந்திருந்ததோ 680-க்கும் மேல். அந்த மூன்று மாதத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டி, ஏற்கனவே "பாக்கி" என்று காட்டியதையும் அதில் சேர்த்துத்தான் 263 பவுண்ட் வந்திருக்கிறது.

மீட்டர் சொன்ன இன்னொரு விஷயம்

மண்டியிட்டபடியே ரீடிங்கைக் குறித்துக்கொண்டேன். 00388. உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த எண் என்ன சொல்கிறது என்று உறைத்தது.

அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பதின்மூன்று வாரத்தில் 310 கன மீட்டர். வாரத்துக்கு 24. ஜனவரி நடுவிலிருந்து அந்தச் சனிக்கிழமைவரை, வழக்கமாகக் குளிர் கடுமையாக இருக்கும் ஆறரை வாரத்தில் வெறும் 78. வாரத்துக்கு 12. சரிபாதி. கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் சமையல், குளிக்க வெந்நீர், காலையில் அரை மணி நேரம் ஹீட்டர், அவ்வளவுதான். பக்கவாதம் வந்த ஒரு மனிதர் பிப்ரவரி முழுவதும் தொப்பியும் போர்வையுமாக உட்கார்ந்திருந்ததற்கு மீட்டரே சாட்சி.

எனக்குக் கோபம் வந்தது. பணத்தைப் பொறுத்தவரை 440 பவுண்ட் எப்படியும் திரும்பிவிடும் என்று தெரிந்தது. அந்த ஆறரை வாரத்தை யார் திருப்பித் தருவார்கள்? டைரக்ட் டெபிட் தவறுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எவ்வளவு பணம் அதிகமாகப் போனது என்றுதான் கேட்கிறார்கள். மனிதர்கள் பில்லுக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்பது யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அக்கா சிக்கனமானவர், தன் வீட்டை முப்பது வருடமாக அறிந்தவர். "நான் ஹீட்டரைக் கூட நேரம் போடேல்லையே" என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அச்சடித்த காகிதம் வேறு சொன்னதும், தன் மேல்தான் பிழை என்று நம்பிவிட்டார்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை செய்தோம். பாய்லரை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். மீட்டரில் 1.9 நகர்ந்தது. கன மீட்டராக எடுத்தால் சுமார் 21 கிலோவாட். பாய்லரின் தகட்டில் 24 என்று இருந்தது, பொருந்துகிறது. பில் சொன்னபடி அதை நூறு கன அடியாக எடுத்தால் 60 கிலோவாட் எரிந்திருக்க வேண்டும். அந்தப் பாய்லரை உடைத்தாலும் அவ்வளவு எரியாது. இந்தக் கணக்கைத்தான் பிறகு புகாரில் முதல் பத்தியாக வைத்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் அறை சூடானது. அண்ணன் தொப்பியைக் கழற்றினார்.

புகார் போன வழி

திங்கட்கிழமை அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது நிமிடக் காத்திருப்பு. பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவருக்கு முன்னால் இருந்த திரையில் பில் தொகை மட்டும்தான் இருந்தது போலும். குளிர்காலம், பழைய வீடு, ஜன்னல் இடுக்கு என்று காரணங்களை அடுக்கினார். ரீடிங் சரியா என்று கேட்டார், சரி என்றேன். "அப்படியானால் பில்லும் சரி" என்று முடித்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அல்லது கோபத்தில் டைரக்ட் டெபிட்டை ரத்து செய்துவிடுகிறார்கள். அக்காவின் மகனும் தொலைபேசியில் அதைத்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ரத்து செய்தால் பில் வந்த பிறகு கட்டும் விலைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த விலையின் உச்சவரம்பு அப்போது வருடத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் கூடுதல். தப்பான பாக்கியும் அப்படியே நின்று, வசூல் கடிதங்கள் வரத் தொடங்கும். டைரக்ட் டெபிட் உத்தரவாதம் என்று ஒன்று இருப்பது உண்மை. தொகையோ தேதியோ முறையாக முன்கூட்டித் தெரிவிக்காமல் எடுத்தால், எடுத்ததில் தவறு இருந்தால், வங்கி உடனே முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். நல்ல பாதுகாப்பு அது. ஆனால் வங்கி பணத்தைத் திருப்பினாலும் கேஸ் நிறுவனத்தின் ஏட்டில் பாக்கி அழியாது. எங்களுக்கு அழிய வேண்டியது அந்தப் பாக்கிதான்.

அதனால் மின்னஞ்சலில் எழுதினோம். தலைப்பில் "புகார்" என்ற சொல்லைப் போட்டோம். விசாரணை, சந்தேகம் என்று எழுதினால் வாடிக்கையாளர் சேவைப் பெட்டியில் போய் விழும். புகார் என்று பதிவாகிவிட்டால், அப்போதைய விதிப்படி எட்டு வாரக் கெடு ஓடத் தொடங்கும். எட்டு வாரத்துக்குள் தீர்க்காவிட்டாலோ, இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்களே எழுதித் தந்தாலோ, எரிசக்தி ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. அங்கே வரும் தீர்ப்பை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

மூன்று படங்கள் இணைத்தோம். மீட்டரின் முகம், அதில் அளவின் குறியீடு தெளிவாகத் தெரியும்படி. வரிசை எண். பில்லின் மூன்றாம் பக்கம், 2.83-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு. கூடவே, மாதத் தொகையைக் கையில் இருக்கும் சிறந்த, மிகச் சமீபத்திய தகவலை வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும் என்று நிறுவனங்களின் உரிமத்திலேயே நிபந்தனை இருப்பதையும், கணவரின் உடல்நிலையையும் எழுதினோம். முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் அவரைச் சேர்க்கக் கேட்டோம். வயதானவர்கள், நோயாளிகள், ஊனமுற்றோர் இருக்கும் வீடுகளுக்கு அந்தப் பதிவேடு உண்டு. அப்படி ஒன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை.

இரண்டாவது வாரம் பதில் வந்தது: "உங்கள் ரீடிங் சரிபார்க்கப்பட்டது, மாற்றம் எதுவும் தேவையில்லை." ரீடிங் சரி என்றுதான் நாங்களும் சொல்லியிருந்தோம். இதற்கிடையில் மார்ச் 14 அன்று இரண்டாவது 263 பவுண்டும் போய்விட்டது.

மறுபடி எழுதினோம், இந்த முறை ஒரே வாக்கியம்: ரீடிங் சரி, மீட்டரின் அளவு வகை தவறாகப் பதிவாகியிருக்கிறது, மீட்டரின் தொழில்நுட்ப விவரங்களைத் திருத்துங்கள். அந்த "தொழில்நுட்ப விவரங்கள்" என்ற சொல்தான் கதவைத் திறந்தது. அது முன்வரிசை ஊழியர்களால் தொட முடியாத பகுதி, பின்னால் இருக்கும் தனிக் குழுவுக்குப் போக வேண்டும். கேஸ் மீட்டர்களின் விவரம் நிறுவனத்தின் கணினியில் மட்டும் இல்லை, ஜோசெர்வ் என்ற அமைப்பு நடத்தும் மையப் பதிவிலும் இருக்கிறது. அங்கே திருத்தாவிட்டால், நாளை நிறுவனம் மாறினாலும் அதே தவறு கூடவே வரும். இதையும் கேட்டு எழுதி வாங்கினோம்.

ஆறாவது வாரத்தில் ஒருவர் தானாகவே அழைத்தார். படங்களைப் பார்த்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். "இது எங்கள் தவறு" என்று நேராகச் சொன்னார். பழைய பில்லை ரத்து செய்து புதிது போட்டார்கள். பாக்கி மறைந்தது. இரண்டு மாதம் கூடுதலாக எடுத்த 270 பவுண்ட் வங்கிக்கே திரும்பியது. மாதத் தொகை 124 ஆனது. நல்லெண்ணத் தொகையாக 75 பவுண்ட் தந்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஆறரை வாரக் குளிருக்கு அது ஈடு என்று நான் நினைக்கவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு

மீட்டர் மாற்றிய பிறகு வரும் முதல் கேஸ் பில்லில் தொகையைப் பார்க்காதீர்கள், கணக்குப் பக்கத்தைப் பாருங்கள். கன மீட்டரில் அளக்கும் மீட்டருக்கு 2.83 இருக்கக் கூடாது. குறுக்குவழி வேண்டுமானால், ஒரு கன மீட்டர் கேஸ் ஏறத்தாழ 11 கிலோவாட் மணி. பில்லில் ஒரு யூனிட்டுக்கு 31-க்கு மேல் வந்தால் அது கன அடிக் கணக்கு.

தலைகீழாகவும் நடக்கும். பழைய மீட்டரைப் புதியது என்று பதிந்திருந்தால் பில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம், ஒருநாள் கண்டுபிடித்துப் பெரிய தொகை கேட்பார்கள். ஆனால் 2018 மே முதல் வீடுகளுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நிறுவனத்தின் தவறால் விட்டுப்போன பில்லாக இருந்தால், 12 மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்கு அவர்கள் பணம் கேட்க முடியாது.

மீட்டரைப் பார்க்காமல் நிறுவனமே போடும் மதிப்பீட்டு ரீடிங்கில் ஓடும் கணக்கு என்றால் மாதம் ஒருமுறை நீங்களே ரீடிங் எடுத்துக் கொடுங்கள், படத்தோடு. கணக்கில் பணம் நிறையச் சேர்ந்திருந்தால் திருப்பிக் கேட்கலாம். நியாயமான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது.

அக்கா இப்போது ஒவ்வொரு மாதம் முதல் தேதியும் ரீடிங் எடுக்கிறார். மண்டியிட முடியாது என்பதால் கைப்பேசியைப் பெட்டிக்குள் நீட்டிப் படம் பிடிக்கிறார். கோணல்மாணலாக இருக்கும், ஆனால் எண் தெரியும். எனக்கும் ஒரு பிரதி வாட்ஸ்அப்பில் வரும்.

அந்த வருட நவம்பரில் முதல் குளிர் வந்த இரவு, ஒன்பது மணிக்கு மேல் அழைத்தார்.

"தம்பி, படுத்திட்டீங்களோ?"

"இல்லை அக்கா, சொல்லுங்க."

"அவருக்குக் கை எல்லாம் குளிர்ந்துபோய்க் கிடக்குது. ஹீட்டரைப் போட்டா கனக்கக் காசு வருமோ?"

"மணிக்கு ஒன்றரைப் பவுண்டுகூட வராது அக்கா. இப்பவே போடுங்க."

போனை வைக்காமலே நடந்துபோனார். சுவிட்சைத் திருப்பும் சத்தமும், கொஞ்ச நேரத்தில் பாய்லர் பற்றிக்கொள்ளும் சத்தமும் கேட்டது.